நாலு இலை, ஒரு முடிச்சு

சாயங்காலம் நாலு மணிக்குச் சிவரஞ்சனி ஒரு மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தபோது, அங்கமுத்து மலர்கொடியின் தட்டச்சுப் பள்ளியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அரியலூர் கடைத்தெருவில் பக்கத்துக் கடையான எஸ்.டி.டி. பூத் அவனுடையது. ஊரில் எது காணாமல் போனாலும் ஜனங்கள் மலர்கொடியைத்தான் தேடி வருவார்கள். அவள் சத்தமில்லாமல் கண்டுபிடித்துக் கொடுப்பாள். கூடவே போய்ச் சத்தம் போடுவது அங்கமுத்துவின் பங்கு.

"அக்கா, என் சர்டிபிகேட்டெல்லாம் போச்சுக்கா!"

பையை மேசைமேல் கவிழ்த்தாள். சதுரமாகக் கிழித்த செய்தித்தாள் துண்டுகள் கனமான ஒரு கட்டாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு ஓட்டை இருந்தது.

அழுகைக்கு நடுவே விஷயம் வெளியே வந்தது. நாளைக் காலை பத்து மணிக்குத் திருச்சியில் ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். விக்கிரமங்கலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே ஓய்ந்த பொன்னாயியின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் அரசாங்க வேலைக்கு இவ்வளவு பக்கத்தில் போனவர்கள் இதுவரை யாருமில்லை. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் கூடப் படித்த மூன்று பேரை மதியம் ராசாங்கம் மெஸ்ஸுக்குச் சாப்பிடக் கூட்டிப் போயிருந்தாள்.

"கடைசியா சர்டிபிகேட் பைலை எப்ப பாத்த?" என்றாள் மலர்கொடி.

"மெஸ்ஸுக்குள்ள போனதும் எல்லாருக்கும் காட்டினேங்க்கா. பையில வச்சு வாயை இறுக்கிக் கட்டி, எனக்குப் பின்னாடி ஆணியில மாட்டினேன். சாப்ட்டு முடிச்சதும் மொத ஆளா கை கழுவிட்டு வந்து நானேதான் எடுத்தேன். முடிச்சு கட்டினபடியே இருந்துச்சு. செராக்ஸ் கடையில அவுத்தா இந்தக் குப்பை!"

"உனக்கு அடுத்த பேரு யாரோடது?"

சிவரஞ்சனி தயங்கினாள். "தமிழ்மாறன். கூட உக்காந்து சாப்ட்டவன்தான்."

அங்கமுத்து டீ கிளாசை டக்கென்று வைத்தான். "ஆள் கெடைச்சுட்டான், வாங்க போவோம்!"

"உக்காருங்க" என்றாள் மலர்கொடி. பையின் வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். "என்ன சாப்ட்டீங்க?"

"நாட்டுக்கோழிக் குழம்பு, கருவாட்டுத் தொக்கு, அப்புறம் ரசம், மோர்."

மலர்கொடி தலையாட்டிக்கொண்டாள். கோழிக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் நண்பர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். அவர்களும் தெருத்தெருவாகத் தேடி அலைந்திருந்தார்கள். ஒல்லியான தமிழ்மாறன் யார் முகத்தையும் பார்க்காமல் நின்றான். செந்தில்குமார் வாய் ஓயாதவன். தோளில் ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு நின்ற கவியா, சிவரஞ்சனியின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது சன்னலே இல்லாத பேமிலி ரூமுங்க. நாங்க நாலு பேருதான்" என்றான் செந்தில்குமார். "ரசம் ஊத்தும்போது கரண்ட் போயிருச்சு. அஞ்சு நிமிஷம் கும்மிருட்டு. ஆனா யாரும் எந்திரிச்ச மாதிரி தெரியல. மெஸ்ஸு பேருதான் பெருசு. குழாயில தண்ணி நூலு மாதிரி வருது. உக்காருறதுக்கு முன்னாடி கை கழுவப் போனா தொடைக்க ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. சட்டையிலயே தொடைச்சுக்கிட்டேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?" மலர்கொடி தமிழ்மாறனிடம் கேட்டாள்.

"எம்மேல சந்தேகம் வரும்னு தெரியும்" என்றான் அவன் தணிந்த குரலில். "நான் எடுக்கல. வேற சொல்ல எனக்கு ஒண்ணுமில்லைங்க."

ஆறரைக்கு எல்லோரும் மெஸ்ஸுக்கே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு மலர்கொடி கிளம்பினாள். வழியெல்லாம் அங்கமுத்து வாதாடினான். இருட்டில், பக்கத்திலிருந்து, ஆதாயம் உள்ளவன் எடுத்திருக்கிறான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"கருவாட்டுத் தொக்கு சாப்ட்டு, ரசஞ்சோறு பெசைஞ்ச கை, அங்கமுத்து. அந்த எச்சிக் கையை வச்சு அவன் எப்படி முடிச்சு போடுவான்?"

"இடது கை இருக்கில்லக்கா?"

"ஒத்தக் கையால அவுக்கலாம். இவ்வளவு இறுக்கமா கட்ட முடியுமா? பையில ஒரு சொட்டுக் கறையில்ல, வாடையுமில்ல."

"அப்ப சாப்ட்டுக் கை கழுவினப்புறம் எடுத்திருப்பான்!"

"மொதல்ல கழுவினது சிவரஞ்சனி. வந்து அவளே பையை எடுத்துட்டாளே."

சாப்பிடும்போதும் இல்லை, சாப்பிட்ட பிறகும் இல்லை. அங்கமுத்துவுக்குத் தலை சுற்றியது. பேய் பிசாசுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டான்.

மெஸ்ஸில் பரிமாறும் தங்கராசு கோபத்தில் இருந்தார். "என்னங்க அநியாயம்! பேமிலி ரூம் குழாய்கிட்ட ஒரு மணிக்குத்தான் கை தொடைக்கப் புதுப் பேப்பர் கட்டைக் கம்பியில குத்தி மாட்டினேன். ஒண்ணுகூட இல்ல."

"அந்த நாலு பேரும் வந்தப்ப வேற ஏதாச்சும் பாத்தீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? தடுப்புக்குப் பின்னாடி கை கழுவிட்டு வந்து உக்காந்தாங்க. பொரியல் வைக்கப் போனேன். மூணு இலையில தண்ணி தெளிச்சிருந்தாங்க. கட்டைப்பை வச்சிருந்த பொண்ணு இலை மட்டும் காஞ்சு கெடந்துச்சு. கழுவாத இலையில எப்படிங்க வைக்கிறது? தாண்டிப் போயி, ரெண்டாவது சுத்துலதான் வச்சேன்."

"பேச்சு சுவாரசியத்துல மறந்திருக்கும்" என்றான் அங்கமுத்து. மலர்கொடி சிரிக்கவில்லை.

ஆறரைக்கு நால்வரும் வந்தார்கள். மதியம் உட்கார்ந்த அதே வரிசையில் உட்காரச் சொல்லி, மலர்கொடி நாலு இலை போடச் சொன்னாள். தமிழ்மாறனை எப்போது எழுந்திருக்கச் சொல்லப் போகிறாள் என்று அங்கமுத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"கரண்ட் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் மலர்கொடி. "அந்தப் பை முடிச்சைப் போட ரெண்டு சுத்தமான கை வேணும். அது நீங்க சாப்பிட உக்காருறதுக்கு முன்னாடி மட்டுந்தான் இருந்துச்சு. பைலுக்குப் பதிலா வச்சது இந்தக் குழாயடிப் பேப்பர். செந்தில்குமார் கை கழுவப் போனப்பவே பேப்பர் இல்ல. அப்ப அவருக்கு முன்னாடி கழுவினவங்கதான் எடுத்திருக்கணும். மொதல்ல கழுவிட்டு வந்தது யாரு?"

"கவியா" என்றான் செந்தில்குமார், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. "நாங்க போறப்ப அவ திரும்பி வந்துக்கிட்டிருந்தா. எடம் பாத்துக்கறேன்னு சொன்னா."

"இலை முன்னாடி உக்காந்ததும் தண்ணி தெளிக்கிறது நாம யோசிச்சு செய்யற காரியமில்ல. கை தானா செய்யும். மொதல்ல வந்து, அதிக நேரம் உக்காந்திருந்தவ இலைதான் மதியம் காஞ்சு கெடந்துச்சு. அந்தக் கைக்கு அப்ப வேற வேலை இருந்திருக்கு."

அங்கமுத்து எட்டிப் பார்த்தான். இப்போதும் மூன்று இலைகளில் தண்ணீர் மினுங்கியது. கவியாவின் இலை காய்ந்து கிடந்தது. சாயங்காலத்திலிருந்து தோளை விட்டு இறங்காத கட்டைப்பையை அவள் மெல்ல இறக்கி, ஜாக்கெட் துணிகளுக்கு அடியிலிருந்து பைலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தையில எனக்கு வேற எடத்துல கல்யாணம் வச்சுட்டாங்க" என்றாள். "மாறனுக்குக் கவர்மெண்டு வேலை கெடைச்சாதான் அவனைப் பத்திப் பேசவே விடுவேன்னு அப்பா சொல்லிட்டாரு. நீ பைலைக் காட்டினியா, எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அவனுக்கு இது தெரியாது. சத்தியமாத் தெரியாது."

தமிழ்மாறன் எழுந்து நின்றான். "இப்படி வர்ற வேலையில சேந்து, நான் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்பேன், கவியா?"

அங்கமுத்துவுக்கு அந்த நிமிஷத்தில் யாருக்காக வருத்தப்படுவது என்றே தெரியவில்லை. திருடியைக் கண்டுபிடித்தால் கத்த வேண்டும் என்று நாலு மணியிலிருந்து சேர்த்து வைத்த சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சாயங்காலம் முழுக்கத் தமிழ்மாறனைத் திருடனாகவே பார்த்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

சிவரஞ்சனி பைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். மஞ்சப்பையில் வைத்து வாயை இறுக்கிக் கட்டினாள். பையோடு எழுந்து வாசல்வரை போனாள். அங்கமுத்து வழிவிட்டு ஒதுங்கினான். அவளோ நின்று, திரும்பி வந்து, டம்ளரிலிருந்து தண்ணீரைக் கையில் ஊற்றிக் கவியாவின் இலையில் தெளித்தாள்.

"சாப்டுடி" என்றாள். குரலில் கோபம் இருந்தது. கண்ணில் தண்ணீரும் இருந்தது. "காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு நீயும் என்கூடத் திருச்சிக்கு வர்ற. போற வரைக்கும் இந்தப் பையை நீதான் மடியில வச்சுக்கிட்டு வரணும்."

கவியா இலையில் முகம் படும்படி குனிந்து அழுதாள்.

அங்கமுத்து மலர்கொடியின் காதருகே வந்தான். "அக்கா, இந்தப் பொண்ணு மன்னிச்சிருச்சா, தண்டிச்சிருச்சா? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே."

"அது எனக்கும் தெரியல, அங்கமுத்து" என்றாள் மலர்கொடி. பிறகு வாசலில் இட்லித் தட்டோடு தயங்கி நின்ற தங்கராசுவைப் பார்த்து, நாலு இலைக்கும் வைக்கச் சொன்னாள்.