கடைசியில் வாங்கியது முதலில்

மேஜையில் வைத்த காபிக் குவளையைக் காணோம். ஈரவட்டம் மட்டும் பளபளத்தது. "என் காபியில கை வைக்கிற பேய் இன்னும் பொறக்கல," என்று சொல்லிவிட்டு அவள் திரையைப் பார்த்தாள். பிடித்த பிழையை விடமாட்டாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர்.

நட்டநடு மதியம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சோதனை அறையில் அவளும், ஒரு ஸ்கேனரும், அதைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரலும்தான். அந்த நிரலைத் திறந்தால் கணினிக்கே குளிர்ஜுரம் வரும் என்பார்கள். மூன்று பொறியாளர்கள் வேலையை விட்டே ஓடிவிட்டார்களாம்.

கோளாறு என்னவோ சின்னது. தொடங்கும்போது நிரல் நினைவகம், இணைப்பு என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். நடுவில் தடுக்கினால் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கவேண்டும், கடைசியில் வாங்கியது முதலில். இதுவோ எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அதைத் திருத்தினாள். சோதிக்க ஒரே வழி, பாதியில் கேபிளைப் பிடுங்குவது.

முதல்முறை பிடுங்கியபோதுதான் குவளை போயிருந்தது.

மறுபடி பிடுங்கினாள். 'திருப்பிக் கொடுத்தாயிற்று' என்றது திரை. நாற்காலியில் மாட்டிய கைப்பை இல்லை.

மூன்றாம் முறை, காலையிலிருந்து ஊரையே கூட்டுவதுபோல் தலைக்கு மேல் கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறி இல்லாமற்போனது. கொக்கிகூட மிஞ்சாத கூரையிலிருந்து தூசியின் புழுங்கிய வாசம் மெல்ல இறங்கி அவள் பிடரியில் உட்கார்ந்தது.

தொலைபேசி அலறியது. மேலாளர்.

"அந்த டிரைவர் ஃபைலத் தொட்டியாம்மா? போட்டுட்டு வெளிய வா."

"முடிக்காம வரமாட்டேன் சார்."

"அந்த மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க."

"அவங்க வேலைய விட்டுட்டுப் போனதாத்தானே சொன்னீங்க?"

மேலாளர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

காலையில் நடந்ததைப் பின்னாலிருந்து எண்ணினாள். காபி கொண்டுவந்தாள். அதற்கு முன் பையை மாட்டினாள். அதற்கு முன் விசிறியைப் போட்டாள்.

அதற்கு முன், அவள் உள்ளே வந்தாள்.

கேபிளைத் திரும்பச் செருகினாள். ஸ்கேனரின் பச்சை விளக்கு எரிந்தது. யாரும் கேட்காமலே நிரல் தொடங்கியது.

கேபிள் நகர்ந்தது. தானாக. வெளியே.

பாய்ந்து பிடித்தாள். மறுபக்கம் இழுத்தது. இவளும் இழுத்தாள். மேஜை முனகியது.

"நான் திருத்தின புரோகிராம்! என்னையேவா? இழுடா பாக்கலாம்!"

குளிர். முழங்கை வரை.

குனிந்து பார்த்தாள். விரல்கள் இல்லை. மணிக்கட்டு இல்லை. தோள் இல்லை.

கேபிள் துளையிலேயே இருந்தது. அதன் கறுப்பு ரப்பரில் ஐந்து விரல் பள்ளங்கள், நொடிக்கு நொடி இன்னும் ஆழமாக இறுகிக்கொண்டிருந்தன.