விழுப்பரையர் கதை சொன்ன மாலை

அந்திச் செவ்வானம் வெள்ளாற்றின் நீரில் கரைந்து, கீழ்த்திசையில் முழுமதி எழும்பிக்கொண்டிருந்த இனிய வேளையில், கருங்குன்றக் கோட்டையின் மேல்மாடத்தில் சிங்கவல்லி ஓலையும் எழுத்தாணியுமாக அமர்ந்திருந்தாள். மருத மரங்களில் நாரைகள் அடைந்துகொண்டிருந்தன. அழகுக்கு அங்கே குறைவில்லை. ஆனால் மாடத்துக்குக் கீழிருந்த நிலவறைகளுக்குள் அந்த நிலவு ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இவளைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வித்தை கைவந்தவர்களுக்கு அதை வாயால் சொல்ல வராது. சொன்னாலும் கேட்பவர் கொட்டாவி விடுவார். அப்பேர்ப்பட்டவர்களிடம் கேள்விமேல் கேள்வி கேட்டு, அவர்கள் அறிந்ததைக் கதையாக்கி ஏட்டில் ஏற்றுவதே சிங்கவல்லியின் தொழில். யானை வைத்தியருக்கு அவள் எழுதிக் கொடுத்த நூலை அரண்மனைப் பெண்கள் சோறு தண்ணீர் மறந்து படித்தார்கள். இப்போது அவளை அழைத்திருப்பவர் சிறைத்தலைவர் விழுப்பரையர். வாய் திறவாதவரை வாய் திறக்கச் செய்வது அவருடைய வித்தை. அந்தப் பாழும் வேலைக்கு அவள் இசைந்ததற்கு ஒரே காரணந்தான். அவளை மணக்கவிருந்த சாத்தன், ஒற்றனென்று பிடிபட்டு இக்கோட்டைக்குள் போனவன், உயிரோடு இருக்கிறானா என்று அவள் அறிந்தாக வேண்டும்.

"முதலில் உறக்கத்தைப் பறிக்க வேண்டும். பிறகு இரவு பகல் தெரியாமல் செய்ய வேண்டும்" என்று விழுப்பரையர் வெற்றிலையை மென்றபடி அடுக்கினார்.

எழுத்தாணி நகரவில்லை.

"பொறுத்தருள வேண்டும், ஐயனே. இப்படி அடுக்கினால் எவர் படிப்பார்? தங்களையே திணற அடித்தவன் ஒருவன் இருப்பானே, அவனைச் சொல்லுங்கள்."

சிறைத்தலைவரின் பார்வை மாடத்தின் கோடியில் தொங்கிய பட்டுத்திரைக்குப் போய்த் திரும்பியது.

"இருக்கிறான். சாத்தன் என்று பெயர். எங்கள் கைக்குத் தப்பிய இளவரசனின் மறைவிடம் அறிந்தவன்."

உயிரோடுதான் இருக்கிறான்! சிங்கவல்லிக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. சிரித்தாள்.

"நகக்கண்ணில் ஊசி ஏற்றினேன், அம்மா. பாடினான்! பாதங்களைச் சுட்டேன். பாட்டை நிறுத்தவில்லை."

"அற்புதம்! மேலே சொல்லுங்கள்" என்றாள் அவள். அந்த மனிதனின் கழுத்தை நெரிக்கத் துடித்தன அவள் கைகள்.

"கடைசியில் அவனைத் தொடவே இல்லை. வயிறாரச் சோறிட்டு, 'உன் காதலி எங்கள் சேனாபதிக்கு மாலையிட்டுவிட்டாளப்பா' என்றேன். அன்றே பாட்டு நின்றது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் சொல்லிவிடுவான்."

"அவள் மாலையிட்டது உண்மைதானா? படிப்பவர்கள் கேட்பார்களே!"

இந்த இடத்தில் விழுப்பரையர் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் தம் பெருமையைத் தாமே பேச உட்கார்ந்தவருக்கு நடுவில் நிறுத்த மனம் வருமா?

"உண்மையா? முழுப் பொய்! அந்தப் பேதைப் பெண் இன்னும் அவனுக்காகவே காத்திருக்கிறாள். அதிலல்லவா இருக்கிறது என் சாமர்த்தியம்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "கதைக்கு முடிவு வேண்டுமல்லவா? அதற்காகத்தான் உன்னை வரவழைத்தேன், சிங்கவல்லி! நீ என்னோடு சிரித்துப் பேசியதை அவன் காதாரக் கேட்டுவிட்டான்."

திரை விலகியது. தூணோடு பிணைக்கப்பட்டு, வாய் கட்டப்பட்டு, எலும்பும் தோலுமாய் நின்றான் சாத்தன். உடைந்த மனிதனைக் காணத் திரும்பிய விழுப்பரையர், அவன் கண்களில் மலர்ச்சியைக் கண்டார். தாம் உளறியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள், தூணருகில் நின்ற காவலர்களில் ஒருவன் முன்பே பெற்ற கட்டளைப்படி வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டான்.

"மெலிந்துவிட்டாயே, வல்லி" என்றான் சாத்தன். பிறகு சிறைத்தலைவரைப் பார்த்து, "பெரும் உபகாரம் செய்தீர், ஐயா. இளவரசர் இருக்குமிடம் இனி என்னோடு போகும்" என்றான். நெடுநாளைக்குப் பின் பாடத் தொடங்கினான்.

ஆத்திரத்தில் அறிவிழந்த விழுப்பரையரின் வாள் அந்தப் பாட்டைப் பாதியில் அறுத்தது. எந்த இரகசியத்துக்காக இத்தனை கொடுமை செய்தாரோ, அதையும் அவரே வெட்டிப் போட்டார்.

சிங்கவல்லி அழவில்லை. ஓலையை எடுத்துச் சாத்தனின் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"இவள் வலக்கையை வெட்டுங்கள்!" என்று காவலர்களைப் பார்த்து அலறினார் விழுப்பரையர்.

"வெட்டும்! இதுவரை பிறர் சொல்ல நான் எழுதினேன். என் சாத்தனின் இரத்தத்தின்மேல் ஆணை! இனி ஊர் ஊராய்ப் போய் நான் சொல்வேன். எழுதப் பிறர் இருக்கிறார்கள். எல்லோரையும் பேச வைத்த விழுப்பரையரை ஒரு பெண் பேச வைத்த கதையை நாடே படிக்கும்!"

சொல்லிவிட்டு அவளே கையை நீட்டினாள். காவலர்கள் வாளை உருவாமல் விழுப்பரையரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.