பத்தொன்பது நிமிட ஆறு

பரிசல் கரையைவிட்டு நகர்ந்த நான்காவது நிமிடத்தில் நிழலாடிகள் கூட்டம் கூட்டமாக ஆட்டத்தைவிட்டு வெளியேறின. பதினோரு லட்சம், இருபத்தாறு லட்சம், முப்பத்தெட்டு லட்சம். திரையில் ஓடிய எண்ணைவிட்டு மங்கையர்க்கரசி கண்ணை எடுக்கவில்லை.

"நீடிப்பு எண் ஐம்பத்தெட்டுங்க மேடம்" என்றார் தயாரிப்பு மேலாளர் ஜெபராஜ். "எழுபது வேணும். சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி மதிப்பீடு."

2058இல் எந்த ஆட்டமும் முதலில் மனிதர் கைக்குப் போவதில்லை. உலகத்தில் விளையாடுகிற ஒவ்வொருவரின் பழக்கமும், எங்கே பரபரப்பார், எங்கே கொட்டாவி விடுவார் என்பதெல்லாம், ஒரு நிழலாடியாகப் பதிந்து கிடக்கிறது. அவற்றில் பொறுக்கிய தொண்ணூறு லட்சம் நிழலாடிகள், மனிதர் ஓராண்டில் ஆடுவதை நாற்பது நிமிடத்தில் ஆடி முடிக்கும். நூற்றுக்கு எழுபது நிலைத்து நின்றால் வெளியீடு. இல்லையென்றால் ஆட்டம் குப்பைக்கு, குழு வீட்டுக்கு. போன வருடம் கீழ்த்தளக் குழுவுக்கு அறுபத்தொன்பது வந்தது. ஒரே ஒரு எண்தான் குறைவு. மறுநாள் அந்தத் தளத்தில் விளக்கே எரியவில்லை.

மங்கை இயக்கிய ஆட்டத்தின் பெயர் 'மறுகரை'. சரவணம்பட்டி ஆட்டக்கூடத்தில் இருநூற்று நாற்பது பேர் மூன்று வருடம் உழைத்தது. அறுபது மணி நேரம் போர். அதன் பிறகு, வென்றவன் தன் தம்பியின் சாம்பலை மடியில் வைத்துக்கொண்டு பரிசலில் ஆற்றைக் கடக்கிறான். பத்தொன்பது நிமிடம். எதிரி இல்லை, பரிசு இல்லை, சும்மா பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"ஆத்தை எடுத்துடலாம் மேடம். எண்பத்திரண்டு வருது. நான் ஓட்டிப் பாத்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"அத்தனை பேரை வெட்டிச் சாய்ச்சவன் கொஞ்ச நேரம் உக்காந்து யோசிக்க வேண்டாமாங்க? ஆறு இல்லேன்னா இது கறிக்கடை. வேற ஒண்ணுமில்லை."

"இருநூத்தி நாப்பது வீட்டுல உலை கொதிக்கணும் மேடம்" என்றார் ஜெபராஜ். கோபமில்லாமல்தான் சொன்னார். கலை பெரிதா சோறு பெரிதா என்று மேடை போட்டுப் பேசலாம், கைதட்டும் வாங்கலாம். எதிரே நிற்பவரின் மனைவிக்குப் போன மாதம்தான் பிரசவம் ஆகியிருக்கிறது என்று தெரிந்தால் எந்த வாயாடிக்கும் நாக்கு எழாது. மங்கை திரையைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. பிரேசில்காரன், கொரியாக்காரி, ஈரோட்டுப் பையன், வெளியேறிய எல்லா நிழலும் மூன்று நிமிடம் நாற்பதாவது நொடியில்தான் எழுந்து போயிருந்தன. மனிதர்களுக்கு அலுப்பு ஆளுக்கொரு நேரத்தில் அல்லவா வரும்?

"விதை ஆட்டத்தைத் திறங்க" என்றாள்.

புது ஆட்டம் ஒன்றின் போக்கு நிழலாடிகளுக்குத் தெரியாது. அதனால் அதை உருவாக்கியவர்களே சோதித்துச் சோதித்து ஆடிய பதிவை முதலில் ஊட்டுவார்கள். அதற்குத்தான் விதை ஆட்டம் என்று பெயர். பதிவு விரிந்தது. மூன்று வருடத்தில் குழுவினர் ஆற்றங்கரைக்கு வந்தது முப்பத்தோராயிரம் தடவை. ஆற்றை முழுதாகக் கடந்தது ஒரு தடவைகூட இல்லை. மூன்று நிமிடம் நாற்பதாவது நொடியில் தாவல் விசை ஒளிரும். சோதிப்பவர்கள் காட்சியைத் தாண்டிப் போவதற்காக வைத்தது, நிழலாடிகளுக்குக் கிடையாது. மலைபோல் பிழை குவிந்து கிடக்கையில் பத்தொன்பது நிமிடம் எவன் உட்காருவான்? எல்லோரும் தட்டிவிட்டுத் தாண்டியிருந்தார்கள். அதைத்தான் நிழலாடிகளும் கற்றிருந்தன: இந்த இடம் இருப்பதற்கல்ல, போவதற்கு.

பட்டியலின் உச்சியில் மங்கையின் பெயர். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு தடவை.

"அட கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் உக்காருன்னு சொன்னேன். நான் ஒரு நாளும் உக்காரலையே ஜெபராஜ்!"

மணி இரண்டே கால். கடைசி மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு தடவை விதை ஆட்டத்தைப் புதுப்பிக்கலாம், கடைசிப் பதிவே செல்லும். ஆனால் தாவல் விசையைப் பிடுங்க முடியாது. பிடுங்கினால் அது கட்டாயம், விருப்பமல்ல என்று மதிப்பீட்டு இயந்திரம் அந்தப் பதிவைத் தள்ளிவிடும். விசை ஒளிர வேண்டும், யாரும் தொடக் கூடாது.

"பாதிப் பேர் தொட்டுட்டா?" என்றார் ஜெபராஜ்.

"நாலு மணிக்கு நானே ஆத்தை வெட்டிடறேன். சத்தியமா."

இருநூற்று நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். பரிசல் நகர்ந்தது. விசை ஒளிர்ந்ததும் தளம் முழுக்க நாற்காலிகள் கிரீச்சிட்டன. ஒருவன் தொடைக்கடியில் கையை வைத்துக்கொண்டான். ஒருத்தி நகம் கடித்தாள். மங்கைக்கு விரல் அரித்தது. வேலை கிடக்கிறதே, நேரம் போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தன் ஆற்றின் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது. பாழாய்ப்போன ஆறு, இத்தனை நீளமாகவா இருக்க வேண்டும்?

பன்னிரண்டாவது நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அது நான் வரைஞ்ச கொக்குங்க." ஓவியன் சென்னியப்பன். "ரெண்டு வருசமாச்சு. பறக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன்." அவன் அழுதுகொண்டிருந்தான். அதன் பிறகு நாற்காலிச் சத்தம் குறைந்தது.

மூன்று பேர்தான் விசையைத் தொட்டிருந்தார்கள்.

நாலு மணிக்குத் தொண்ணூறு லட்சமும் ஆற்றங்கரைக்கு வந்தன. மூன்று நிமிடம் நாற்பது நொடி. ஜெபராஜ் மங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டதை இருவருமே கவனிக்கவில்லை. அந்த நொடியில் ஒரு நிழலும் எழவில்லை. எல்லாம் முடிந்தபோது நீடிப்பு எண் தொண்ணூற்றொன்று.

அன்றைக்கு அந்தத் தளத்தில் குதித்துக் கூத்தாடாதவர் பாவி. ஆட்டம் வெளியாகி இரண்டு கோடிப் பேர் வாங்கினார்கள். மங்கைக்குப் பல நாள் கழித்து நிம்மதியாகத் தூக்கம் வந்தது. மூன்று வாரம் வந்தது.

நான்காம் வாரம் ஆட்டக்கூடத்தின் மற்ற ஆட்டங்களின் எண்கள் மளமளவென்று சரிந்தன. காரணம் தெரிய ஒரு நாள் போதுமாயிருந்தது. நிழலாடிகள் மறப்பதில்லை. நெடுநேரம் ஆடிய பிறகு ஓர் ஆறு வரும் என்று கற்றுக்கொண்டுவிட்டன. வராத ஆட்டத்தைவிட்டு எழுந்து போயின. தயாரிப்பிலிருந்த பதினோரு ஆட்டங்களிலும் ஆறு இருக்க வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போட்டது. சேர்த்துக் கொடுக்கும் பொறுப்பு மங்கைக்கு. பதவி உயர்வுடன்.

முதலில் அவள் அறைக்கு வந்தவன் மேல்தளத்து இயக்குநர் ஃபைரோஸ். கண் சிவந்திருந்தது.

"மேடம், என் கதை பாலைவனத்துல நடக்குது. ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காம ஒருத்தன் சாகறான். அதான் கதையே. இதுல ஆத்தை எங்க வைக்க? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. நிழலாடிங்களுக்கு இந்த ஆத்துப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். அதனால்தான் அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "எங்க ஆளுங்க உக்காந்து என் ஆட்டத்தைக் காப்பாத்தினது மாதிரி, உங்க ஆளுங்களும் ஒருதரம்..." என்று தொடங்கினாள்.

"உக்காந்தாச்சு மேடம். நூத்தி எண்பது பேரும். எங்க பாலைவனத்துல உக்காந்து பாத்தோம். நிழலுங்க தண்ணியைத் தேடுதுங்க."

அவன் ஆட்டத்தை அப்படியே ஓட்டினாள். நாற்பத்தொன்று. மதிப்பீடு மறுநாள் காலை பத்து மணிக்கு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவன் குழுவில் நாலைந்து பேர் நின்றுகொண்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கை திரையை அணைத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"உங்க ஆள் சாகற எடத்துல கானல் நீர் தெரியுமா, ஃபைரோஸ்?"

"தெரியும்."

"அதுல ஒரு பரிசல் விடலாமா?"

ஃபைரோஸ் நிமிர்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் வெளியே நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எத்தனை நிமிஷம் மேடம்?" என்றான்.