முள்ளில்லாத கிளை

"என் செடி பூத்திருக்கு. அதுதான் சார் பிரச்சினை" என்றார் பழமர ஆராய்ச்சியாளரான அம்மாள்.

துப்பறிவாளருக்குத் துணையாக இருந்த அவர் மைத்துனருக்குச் சிரிப்பு வந்தது. செடி பூத்ததற்கெல்லாம் துப்பறிவாளரைத் தேடி வருவார்களா? அத்தான் ஒரு பார்வை பார்க்கவே சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

விதையில் முளைத்த ஆரஞ்சுக் கன்று பூக்கப் பல வருடமாகும். அதற்குள் ஒரு மரபணு பூவைத் தடுத்துக்கொண்டே இருக்கும். அம்மாள் அதைச் சில கன்றுகளில் செயலிழக்கச் செய்திருந்தார். இந்த வாரத்துக்குள் பூத்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அவர் வேலையை விட்டுப் போக வேண்டும். ஒரே ஒரு கன்று பூத்தது.

"சந்தோஷப்பட வேண்டியதுதானேம்மா?" என்றார் மைத்துனர்.

"பட்டேன். அப்புறம் பயமாயிடுச்சு. மத்ததுல மொட்டுகூட இல்ல. இன்னிக்கு மேலிடத்துக்குப் பதில் சொல்லணும். பொய் சொல்லிடக் கூடாது."

"நடுவுல எங்கயாவது போயிருந்தீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"போன மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். தனியாத்தான்."

கன்றுகள் வளரும் கண்ணாடிக் கூடத்துச் சாவி வேறு இருவரிடம் இருந்தது. ஒருவர் அந்தக் கூடத்தின்மேல் கண் வைத்திருந்த பக்கத்து அறை ஆராய்ச்சியாளர். இன்னொருவர் தோட்டப் பொறுப்பாளர். வருடக்கணக்காகச் சாப்பாட்டு அறையில் அம்மாளுக்கு அடுத்த மேசையில் தனியாகச் சாப்பிடுபவர்.

துப்பறிவாளர் அந்தக் கூடத்துக்குப் போய், பூத்த கன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே போய், விதை கொடுத்த தாய்மரத்தைச் சுற்றி வந்தார். அதில் ஒரு கிளை புதிதாக வெட்டப்பட்டு, வெட்டு வாயில் மெழுகு பூசியிருந்தது.

எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்.

"கீழ்த்தண்டு முழுக்க முள். பூத்த கிளையில முள்ளே இல்ல. இளங்கன்னுதான் அப்படி முள் விடும். முதிர்ந்த மரத்துல குறைஞ்சுடும். தாய்மரத்துக் கிளையை இதுல ஒட்டியிருக்காங்க. அடையாள அட்டைக்குப் பின்னால பாருங்க, ஒட்டு இருக்கு."

"அடக் கடவுளே! நான் பூவை மட்டும்தான் பார்த்தேன்" என்றார் அம்மாள்.

மைத்துனர் பக்கத்து அறைக்காரரை முறைத்தார். "அம்மாவை மாட்டிவிட்டு இடத்தைப் பிடிக்கத்தானே, அத்தான்?"

"அவசரப்படாத மாப்ளே. கெடுக்க வந்தவன் கிளையை ஒடிச்சுட்டு ஓடியிருப்பான். இதைச் செஞ்சவர் நின்னு, மரத்துக் காயத்துக்கு மெழுகு பூசியிருக்கார். கைப்பழக்கம் விடல. தோட்டமே கதின்னு கிடக்கிற கை அது."

தோட்டப் பொறுப்பாளர் தலைகுனிந்தார். "பூத்தா அவங்க போக மாட்டாங்கன்னு நினைச்சேன். அவங்களும் போயிட்டா அந்தச் சாப்பாட்டு அறையில நான் மட்டும்தான்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?" என்றார் அம்மாள்.

"என்ன உறவுன்னு சொல்லிக்கிட்டு வர்றதுங்க?"

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போற இடத்துல எனக்கு மட்டும் யார் இருக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேலை இல்லாட்டியும் இந்த ஊர்லயே இருந்திருப்பேனே. பூக்காதுன்னு முன்னாடியே வீட்டைக் காலி பண்ணி, சாமானையெல்லாம் ஏத்தி அனுப்பிட்டேனே!"

தோட்டப் பொறுப்பாளர், 'இருங்க' என்று சொல்வதை விட்டு, கன்றின் ஒட்டைச் சரிபார்க்கக் குனிந்தார். மைத்துனருக்கு அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அம்மாள் தொலைபேசியை எடுத்து மேலிடத்துக்குச் சொன்னார்: "பூக்கலை சார். நான் கிளம்பறேன்."