காலிக் குப்பி

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகிற கடைசி இடத்தில் ஒரு பழைய ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. அங்கே காய் உலர்த்துவதை நிறுத்திப் பல வருடமாகிறது. சுவரில் மட்டும் புகையும் ஏலமும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. ஜனவரியில் என் பெட்டிகளோடு அங்கே போய் இறங்கினேன். காட்டு விலங்குகளின் எச்சத்தைப் பொறுக்கி, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்து, எது எதைத் தின்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. இதற்காகவா எம்.எஸ்சி. படித்தாய் என்று போடியில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வழிகாட்ட வந்தவர் கோட்டைச்சாமி அண்ணன். ஐம்பது வயது, நல்ல உடற்கட்டு. முதல் நாள் மதியம் மேட்டுப் பாறையில் தூக்குவாளியைத் திறந்தவர், முதல் கைப்பிடிச் சோற்றை எடுத்து ஓர் இலையில் தள்ளி வைத்தார். நான் பதறிவிட்டேன். அதை ஏதாவது மிருகம் தின்றால் அதன் எச்சத்தில் நெல் வந்து நிற்கும்; என் ஆய்வே கெட்டுப்போகும். இனி வைக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கய்யா காலத்துலேருந்து வைக்கிறது ஆத்தா. நிப்பாட்டக் கூடாதும்பாக."

நிறுத்த வைத்தேன். படித்த திமிர், வேறென்ன.

தினமும் ஒரு காலிக் குப்பியை அதே பாறையில் ஒரு நிமிடம் திறந்து மூடி, மற்றக் குப்பிகளோடு லேபுக்கு அனுப்புவேன். அதில் எதுவுமே இருக்கக் கூடாது. இருந்தால், எங்கள் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிப்ரவரியில் முதல் முடிவு வந்தது. சிறுத்தையின் எச்சத்தில் கடமான், சருகுமான். கரடியின் எச்சத்தில் பழங்கள், கரையான். எல்லாம் சரிதான். ஆனால் காலிக் குப்பியில் நெல், துவரை, கத்தரிக்காய். எங்கள் தூக்குவாளியிலிருந்து கலந்திருக்கும் என்று நினைத்து, அன்றிலிருந்து சாப்பாட்டையே ஸ்டோருக்கு மாற்றினேன். பாறைப் பக்கம் ஒரு பருக்கைகூடப் போகவில்லை.

மார்ச்சில் வந்த முடிவில், காலிக் குப்பியில் வெள்ளாடு.

முந்தைய மாதம்தான் அண்ணன் வளர்த்த வெள்ளாடு செத்திருந்தது. நோய் எதுவும் இல்லை. நாள் முழுக்கத் தழை தின்றும் இளைத்துக்கொண்டே போய், எலும்பும் தோலுமாக விழுந்ததாம். நான் அந்தக் குப்பியைத் திறந்த அன்று அது தொழுவில் உயிரோடு நின்று தின்றுகொண்டிருந்தது.

ஏப்ரலில் லேபிலிருந்து என் சீனியர் சந்திரவல்லி அக்கா போன் செய்தார். எங்களிடமிருந்து ஏதும் கலந்தால் கண்டுபிடிப்பதற்காக, என் எச்சிலையும் அண்ணனின் எச்சிலையும் முன்பே கொடுத்திருந்தோம். இந்தத் தடவை காலிக் குப்பியில் மனித டி.என்.ஏ. இருக்கிறது, அப்படியே கோட்டைச்சாமியுடையது, அவரைக் கையுறை போடச் சொல் என்றார்.

அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

குப்பியைத் திறந்ததும் மூடியதும் நான். என்னுடையது அதில் இல்லை.

வெளியே எட்டிப் பார்த்தேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து இரண்டாவது தூக்குவாளியைக் காலி செய்துகொண்டிருந்தார். சட்டை உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. தினமும் பார்க்கிற முகம் என்பதால் அவர் இளைத்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. போடியில் டாக்டரிடம் காட்டினோம். சர்க்கரை இல்லை, காசநோய் இல்லை. அடுத்த வாரம் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

அவர் மனைவி பொன்னுமணி என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "திங்கிறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல ஆத்தா," என்றாள்.

எனக்குத் தெரிந்திருந்தது. பாறையில் இருப்பது எதைத் தின்கிறது என்பதைத்தான் என் காலிக் குப்பி காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் நடுப்பகலில் சோற்றை எடுத்துக்கொண்டு தனியாகப் பாறைக்கு ஏறினேன். முதல் கைப்பிடியை இலையில் வைத்தேன்.

சில்வண்டுகளின் சத்தம் நின்றது.

பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. நெடுநாள் பட்டினி கிடந்த வாயின் நாற்றம் அடித்தது. என் கன்னத்துக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் இருந்தேன். சோற்றில் எறும்புகூட ஏறவில்லை. அதற்கு இனிச் சோறு வேண்டாம் என்று புரிந்ததும் அழுகை வந்துவிட்டது.

"அவர விட்டுரு," என்று முணுமுணுத்தேன். "வைக்க வேணாம்னு சொன்னது நாந்தான்."

அந்த மூச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் வண்டுகள் மறுபடி கத்தத் தொடங்கின.

பத்தே நாளில் அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பித்தார். பொன்னுமணி போனில் சிரித்தாள். நான் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுப் போடிக்கே வந்துவிட்டேன். அவர் பிழைத்ததில் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இன்று மதியம் அம்மா மூன்றாவது தடவையாகச் சோறு வைத்தாள். மலைக்குப் போய் வந்ததில் எனக்குப் பசி பிறந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. ரசம் எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, தட்டைத் தள்ளிவைத்து, அசையாமல் உட்கார்ந்தேன்.

மெல்லும் சத்தம் நிற்கவில்லை.