ஐந்தாவது கோடு

டிரேயில் மெதுவாகத் தெளிந்து வந்த படத்தில் வாய்க்காலுக்குள் தண்ணீர் நின்றது.

கறையாக இருக்கும் என்று ரத்தினசாமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில், எருத்தேன்பதியில், தகரக் கூரை போட்ட இருட்டறைக்குள் நின்று படம் கழுவுகிறவனுக்குக் கறை ஒன்றும் புதிதல்ல. மருந்து சூடேறிவிடும், நெற்றி வியர்வை தாளில் சொட்டும், கல்யாணப் பெண்ணுக்கு மீசை முளைத்த கதையெல்லாம் வீட்டோடு சேர்ந்த அந்த ஸ்டுடியோவில் நடந்திருக்கிறது. ஆனால் கறைக்கு அலை இருக்காதே. தாளை இடுக்கியால் தூக்கிச் சிவப்பு பல்புக்குப் பக்கத்தில் பிடித்தான். முதல் மடையின் கருங்கல் தூண்கள். அவற்றுக்கு நடுவே அளவுகோலைப் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கும் அவன் மனைவி கமலாத்தாள். அவள் கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையங்களாகத் தண்ணீர்.

நேற்று அந்த வாய்க்காலில் நாக்கை நனைக்கக்கூடத் தண்ணீர் கிடையாது. மாசியிலேயே மதகை அடைத்துவிட்டார்கள். தரை பாளம் பாளமாக வெடித்து, காய்ந்த நத்தை ஓடுகள் காலில் நொறுங்கின. நூறு வருடத்துக்கு முன்னால் கல் அடுக்கிக் கட்டிய அந்த வாய்க்காலை அடுத்த மாதம் பெயர்த்துவிட்டு சிமெண்ட் பூசப் போகிறார்கள். அதற்கு முன்னால் எட்டு மடைகளையும், கரையில் நடக்கிற பிழைப்பையும் படமெடுத்துத் தரச் சொல்லி கனால் ஆபீஸ் ஓவர்சியர் வந்து கேட்டபோது ரத்தினசாமிக்குத் தலைகால் புரியவில்லை. எழுபத்து நாலாம் வருடம் அந்தச் சுற்று வட்டாரத்தில் சர்க்காருக்குப் படமெடுத்தவன் அவன் ஒருவன்தான் என்று அலியாரின் டீக்கடையில் நாலு நாள் அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மடையின் உயரம் தெரிய வேண்டும் என்று ஓவர்சியர் ஓர் ஆறடிக் கோலும் கொடுத்திருந்தார். வெள்ளை பூசி, அடிக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டது. பக்கத்தில் ஓர் ஆளும் நின்றால் இன்னும் நல்லது என்றார்.

முந்தாநாள் வாய்க்காலில் ஆளுக்குப் பஞ்சமில்லை, இருபது பேர் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவனும் நிற்க மாட்டேன் என்றுவிட்டான். அப்போதுதான் ரத்தினசாமி கவனித்தான். வாய்க்காலுக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் குனிந்தே இருந்தார்கள். மண்வெட்டி போடும்போதும் குனிவு, பேசும்போதும் குனிவு. இடுப்பு வலித்தால் கரைக்கு ஏறி வந்து நிமிர்ந்து, சோம்பல் முறித்து, மறுபடி குனிந்துகொண்டே இறங்கினார்கள்.

"அதுக்குள்ள ஆரும் நிமுந்து நிக்கறதில்லீங்க" என்றார் வாய்க்கால் காவலர் குப்பண்ணன். "எங்கப்பாரு காலத்துல இருந்தே அப்படித்தானுங்க."

"நின்னா என்னங்க ஆகும்?"

"வாய்க்கா ஆள அளந்துக்குமுங்க."

ரத்தினசாமி சிரித்துவிட்டான். டீக்கடையில் அதையும் ஒரு வேடிக்கையாகச் சொன்னான். மறுநாள் தூர் வாருகிறவர்களுக்கு ஓய்வு நாள். கமலாத்தாளை சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். போட்டோக்காரன் பெண்டாட்டி என்றுதான் பெயர், கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவளுக்கென்று ஒரு படம் எடுக்கவில்லை. பிலிம் வீண் என்பான். அதனால் நீலச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூவெல்லாம் வைத்துக்கொண்டு வந்தாள். சரியாக ஐந்தடி இருப்பாள். கோலின் பக்கத்தில் நின்றால் ஐந்தாவது கோடு அவள் உச்சி வகிட்டுக்கு நேராக வந்தது.

"நிமுந்து நில்லு புள்ள. அசையாத. நான் ஆச்சுங்கற வரைக்கும் அப்படியே நிக்கோணும்."

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் சொல்வதுதான். எட்டு மடைக்கும் எட்டுத் தடவை சொன்னான்.

படம் அழியாமல் நிறுத்துகிற ஹைப்போவில் முதல் படத்தைப் போட்டுவிட்டு இரண்டாவது தாளை மருந்துக்குள் இறக்கினான். வெள்ளைத் தாளில் முதலில் கோலின் கோடுகள் வந்தன, பிறகு சேலைக் கரை, பிறகு முகம். கடைசியில், யாரோ மடையைத் திறந்துவிட்டதுபோல் இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வந்து அவள் முழங்காலைத் தொட்டு நின்றது.

அறைக்குள் ஹைப்போவின் புளித்த வாடை மட்டும்தான் இருக்க வேண்டும். அதற்கடியில் இன்னொரு வாடையும் வந்துகொண்டிருந்தது. பாசி வாடை. வெகுநாள் தண்ணீருக்குள் கிடந்த கல்லைப் புரட்டினால் வருகிற வாடை.

"ஏனுங்க..." கறுப்புத் துணிக்கும் கதவுக்கும் அப்பாலிருந்து கமலாத்தாளின் குரல் கேட்டது. "ஊட்டுக்குள்ள ஈரமா இருக்குதுங்களா? எனக்குக் காலெல்லாம் சில்லுன்னு இருக்குது."

"கொடம் சாஞ்சிருக்கும். பாரு."

"கொடத்துல தண்ணியே இல்லீங்க."

மூன்றாவது படத்தில் தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தாண்டியிருந்தது. தாள்தான் பழசு என்று சொல்லிக்கொண்டான். புதுப் பாக்கெட்டைப் பிரித்து நாலாவது படத்தைப் போட்டான். தண்ணீர் இடுப்பில் நின்றது. நீலச் சேலையின் முந்தானை அதில் மிதந்துகொண்டிருந்தது.

ரத்தினசாமி இடுக்கியை வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வியர்வை நின்றுபோயிருந்ததை அப்போதுதான் உணர்ந்தான். தகரக் கூரைக்குக் கீழே, பகல் ஒரு மணிக்கு, அவனுக்குக் குளிரடித்தது.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். வெயில் கண்ணில் அடித்தது. தெருவில் மாங்காய் லாரி ஒன்று முதலமடை ஊர்ப் பக்கமிருந்து புழுதி கிளப்பிக்கொண்டு போனது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. சமையலறையில் அடுப்புக்கு முன்னால் கமலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள், நேற்றுக் கட்டிய அதே நீலச் சேலையில். இடுப்பு வரைக்கும் சேலை நனைந்து கறுத்துக் காலோடு ஒட்டியிருந்தது. காலடியில் சாணம் மெழுகிய தரை பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது.

"ஏன் புள்ள நின்னுட்டே இருக்கற? உக்காரு."

"உக்கார முடியலீங்க. நேத்துல இருந்து இடுப்பு வளைய மாட்டீங்குது."

நேற்று ராத்திரி விழிப்பு வந்தபோது அவள் பாயில் இல்லை. சுவரோரம் நேராக நின்றுகொண்டிருந்தாள். புழுக்கத்துக்கு நிற்கிறாள் என்று திரும்பிப் படுத்துவிட்டான். காலையில் கண் விழித்தபோதும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

தோளைத் தொட்டு, மெல்லக் கீழே அழுத்திப் பார்த்தான். நட்டு வைத்த கல்லை அழுத்துவதுபோல் இருந்தது.

"நீங்கதானுங்க நிமுந்து நிக்கச் சொன்னீங்க" என்றாள் கமலாத்தாள். குறை சொல்கிற குரலாக இல்லை அது. ஞாபகப்படுத்துகிற குரல். பேசும்போது அவள் கண் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், காமிரா இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தது.

"இரு. இங்கயே இரு. இப்ப வந்தர்றேன்."

இருட்டறைக்குள் ஓடினான். இனிப் படம் போடக்கூடாது. அது ஒன்றுதான் அவன் மனதில் இருந்தது. மிச்சம் நாலு படத்தையும் போடாமல் விட்டால் தண்ணீர் இடுப்போடு நின்றுவிடும் அல்லவா? ஓவர்சியர் சாயங்காலம் வந்து கேட்டால் பிலிம் கெட்டுப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். கம்பியில் தொங்கிய பிலிம் சுருளைக் கழற்றிச் சிவப்பு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.

காலையில் இதே பிலிமை ஜன்னலோரம் வைத்துப் பார்த்திருக்கிறான். எட்டிலும் காய்ந்த தரைதான் இருந்தது. சத்தியமாக.

இப்போது ஐந்தாவதில் தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. ஆறாவதில் தோளுக்கு. ஏழாவதில் மோவாய்க்கு.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிலிமின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி அவன் மணிக்கட்டில் விழுந்தது. காலையிலிருந்து காய்ந்த பிலிம். சொட்டில் மணல் இருந்தது.

எட்டாவதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. எட்டாவது அவர்களுக்கும் சேர்த்து எடுத்த படம். ஆபீசுக்கு ஒண்ணு குடுத்துட்டு, இன்னொண்ணு கழுவி, சட்டம் போட்டு நம்ம ஊட்டுலயே மாட்டலாம் என்று சொல்லியிருந்தான். கொஞ்சம் சிரி புள்ள என்றான். அவளும் சிரித்தாள், ஆறு வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்ட சிரிப்பு. பொத்தானை அழுத்தியபோதுதான் குப்பண்ணன் கரைமேல் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அய்யோ, பொம்பளையக் கொண்டுபோயி நிறுத்தீட்டீங்களே, என்று தலையில் அடித்துக்கொண்டார். ரத்தினசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. வாய்ச்சண்டை. காமிராவை மடக்கிப் பையில் போட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது கமலாத்தாள் கோலும் கையுமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் அதே சிரிப்பு.

அவள் கரையேறி வந்ததை அவன் பார்க்கவில்லை.

அவன் ஆச்சு என்று சொல்லவில்லை.

ஏழு தடவை சொன்னான். எட்டாவது தடவை சொல்லவில்லை.

பிலிமை உயர்த்தினான். எட்டாவது படத்தில் கமலாத்தாள் இல்லை. தூணுக்குத் தூண் தண்ணீர். நடுவில் கோலின் மேல் நுனி மட்டும் ஓரடி போல வெளியே தெரிந்தது. ஐந்தாவது கோடு தண்ணீருக்குள் இருந்தது. அந்தக் கோல் சாயவில்லை. வாய்க்கால் தரையில் குத்திப் பார்த்தும் நிற்காத கோல் அது. அது நிற்கவேண்டுமானால் அடியில் யாராவது பிடித்திருக்க வேண்டும்.

பிடித்திருக்கிறாள். இன்னும் நிற்கிறாள். சொன்னால் போதும், விட்டுவிடுவாள்.

கதவுக்குப் பாய்ந்தான். கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடவில்லை, பூட்டு இல்லை, ஆனாலும் அந்தப் பக்கமிருந்து பெரிய பாரம் ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டான். வீடு நிறைய ஓர் ஓசை. மதகடியில் கேட்கிற ஓசை. அதற்கு நடுவே அவள் குரல், பக்கத்தில் இல்லை, எங்கேயோ அடியில்.

"ஏனுங்க... ஆச்சுங்களா?"

"ஆச்சு! ஆச்சு கமலா! ஆச்சு புள்ள!"

தொண்டை கிழியக் கத்தினான். தோளால் இடித்தான். மறுபடி இடித்தான். அந்தப் பக்கம் பேச்சில்லை. ஓசையும் நின்றது.

கதவு தானாகத் திறந்தது.

தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை. கூடத்தில் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. பலகை மேல் பருப்புப் பாத்திரம், கொடியில் துணி, சுவரில் காலண்டர், எல்லாம் காய்ந்து, எல்லாம் அதனதன் இடத்தில். நேற்று சாத்தி வைத்த கோல் மட்டும் மூலையில் இல்லை.

கூடத்தின் நடுவில் கமலாத்தாள் நிமிர்ந்து நின்றாள். கையில் கோல். அவள் கூந்தல் அவிழ்ந்து மேல்நோக்கி எழுந்திருந்தது. காற்றே இல்லாத கூடத்தில் அது மெல்ல, மெல்ல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. முந்தானை இடுப்பிலிருந்து எழும்பி மிதந்தது. கனகாம்பரப் பூ ஒன்று தலையிலிருந்து பிரிந்து, கீழே விழாமல், கோலின் ஐந்தாவது கோட்டைத் தாண்டி மேலே போய் நின்றது.

"ஆச்சு" என்றான் ரத்தினசாமி. அருகில் போய் அவள் கையைப் பற்றினான். சில்லிட்டிருந்தது. இழுத்தான். விரல்கள் கோலை விடவில்லை. காதருகே வாயை வைத்துச் சொன்னான். "ஆச்சு புள்ள. போதும். குனிஞ்சுக்கோ. ஆச்சு."

அவள் வாயோரத்திலிருந்து ஒரு சின்னக் குமிழி புறப்பட்டு அவன் முகத்துக்கு நேரே மேலே போனது. பிறகு எதுவும் வரவில்லை.

வாசலில் ஓவர்சியரின் சைக்கிள் மணி கேட்டபோதும் அவன் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். கமலாத்தாள் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு, அவன் சொன்னபடியே சிரித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் நின்றாள். அசையவில்லை.