எதை வைத்துக்கொள்வது

பல வருஷமாகப் பரணில் செத்துக் கிடந்த கருவி. சார்ஜ் ஏறியதும் அதன் கடிகாரம் சரியான மணியைக் காட்டியது. வருஷம் மட்டும் 2010. பிரவீனா திருத்தினாள். திரும்பவும் 2010 ஆனது.

அவள் கணவன் உதய் காலேஜ் படிக்கும்போது வாங்கிய பாம்டாப் அது, உள்ளங்கை அளவுக் கணினி. அவன் அம்மா வெங்கடலட்சுமி வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே படம் அதில்தான் இருந்தது. அவர் இறந்தது இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே. பிரவீனா அவரைப் பார்த்ததில்லை. நாளை திவசம். படத்தைப் பெரிதாக்கி மாட்டவேண்டும் என்று உதய்க்கு ஆசை. புது லேப்டாப்போ, கருவி செருகப்பட்டதையே கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் முழுக்க இணையத்தில் தேடி, யாரோ எப்போதோ போட்டுவைத்திருந்த பழைய மென்பொருளை இறக்கினாள். புது சிஸ்டம் அதை வேண்டாம் என்றது. தடுப்புகளை ஒவ்வொன்றாக அணைத்து, பழைய சிஸ்டத்தில்தான் ஓடுகிறோம் என்று அதை நம்பவைத்தாள். வெளியே கணபதிப் பகுதியின் லேத் பட்டறைகள் இரும்பைச் சீவிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே ஆயில் வாசனை வந்தது. ஆறு வயது லாஸ்யா, பள்ளிச் சீருடையோடு அவள் மடியில் ஏறி உட்கார்ந்து, முன்பல் விழுந்த இடைவெளியில் நாக்கை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது, உதய். ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க சயின்டிஸ்ட் மேடம், ஆச்சுங்களா? ஆர்.எஸ்.புரத்துல பிரேம் கடை வாசல்ல நிக்கறேன். இன்னுங் கொஞ்ச நேரம் நின்னா என்னையே பிரேம் போட்டுருவாரு போல.”

“சும்மா இருங்க. இதோ அனுப்பறேன்.”

ஒயரைச் செருகினாள். ஒரு சின்னக் கட்டம் திறந்தது. இரண்டிலும் இருப்பது ஒன்றாக இல்லை, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டது. கருவியா, கணினியா. படம் கருவியில்தானே இருக்கிறது. கருவி என்பதை அழுத்தினாள்.

படம் வந்தது.

“அவ்வா ஏம்மா இப்பிடிச் சிரிக்குது?” பாட்டியின் படத்தைத் தொட்டுக் கேட்டாள் லாஸ்யா.

பிரவீனாவும் சிரித்தபடி அதை உதய்க்கு அனுப்பினாள். கீழே பச்சைக் கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. புகைப்படங்கள் இருந்த பக்கத்தைத் திறந்தாள். இந்த வருஷத்துப் படங்கள் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன வருஷத்துப் பிறந்தநாள் போனது. நிறுத்து என்று அழுத்தினாள். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். கோடு நகர்ந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பையே அணைத்தாள். இப்போது கோடு கருவியின் சின்னத் திரையில் ஓடியது.

மடியில் லாஸ்யா கொட்டாவி விட்டாள்.

முன்பல் இருந்தது.

பட்டறைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. தெருவில் ஒரு வண்டியில்லை, மேலே மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் காற்றின் சத்தமில்லை, எங்கிருந்தோ ஒரு தைல வாசனை, இந்த வீட்டில் யாரும் பூசாத தைலம், சமையல்கட்டுப் பக்கமிருந்து மெல்ல வந்து அறைக்குள் தங்கியது.

“அம்மா, தண்ணி வேணும்.”

சீருடையின் கை தொளதொளவென்று தொங்கியது.

“ம்மா, தண்ணீ.”

கருவியை உடைத்துவிடலாமா? குழந்தையும் பாதியில் நின்றுவிட்டால்? ஓங்கிய கை அப்படியே இறங்கியது.

“ம்மா.”

அதன்பிறகு சொல் இல்லை. சட்டைக்குள் பால் வாசனை. பிரவீனா இரண்டு கையாலும் அவளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஒரு விரலை மட்டும் நீட்டிப் போனில் உதயை அழைத்தாள்.

“என்னங்க... பாப்பா... சீக்கிரம் வாங்க.”

“வலி எடுத்துருச்சா கண்ணு?” உதய் பதறினான். “டாக்டரம்மா அடுத்த வாரம்னுதானே சொன்னாங்க? பயப்படாத. இதோ வாரேன்.”

அவள் குனிந்து பார்க்கவில்லை.

மடியில் சூடு மட்டும் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

“இல்லைங்க, லாஸ்யா. நம்ம லாஸ்யா.”

கருவியின் திரையில் கோடு இன்னும் நகர்ந்தது.

“ஏனுங்க, நீங்க ஆருங்க பேசறது?”

மரியாதையான குரல். இளம் குரல்.

கழுத்து லேசாக இருந்தது. தாலி இல்லை. போன் இருந்த இடத்தில் வெறும் மேசை.

சமையல்கட்டில் ஒரு தட்டு உருண்டது. யாரோ இருமினார்கள். செருப்பில்லாத கால்கள் நிதானமாக நடந்து வந்தன. தைல வாசனை.

“உதய் கூடப் படிக்கறவிங்களா? அவன் வர்ற நேரந்தானுங்க.” டம்ளரை நீட்டிய கை பாதியில் நின்றது. “ஏனுங்க அம்மணி, கையில என்னத்த வெச்சிருக்கீங்க?”

பிரவீனா பார்த்தாள். அவளுடைய இரண்டு கைகளும் நெஞ்சருகே, ஒன்றுமில்லாததைச் சுற்றி வளைந்திருந்தன. என்னவென்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு கை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தது.